புட்டித் தண்ணீருக்குக் கூட்டல் கணக்கு, ஓடை மீனுக்கு இல்லையா?

2017ஆம் ஆண்டின் பருத்திப் பருவத்தில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபது பேருக்கு மேல் மாண்டனர். பாதுகாப்புக் கவசம் அணியவில்லை, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள் என்று அதிகாரிகள் தரப்பு பழியை இறந்தவர்கள் மீதே தள்ளியது. கலவை கொல்லும் என்பது அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே கலவை மழைநீரோடு ஓடைகளில் இறங்கி வர்தா, பைன்கங்கா ஆறுகளை அடையும்போது அந்த அறிவு எங்கோ மறைந்துவிடுகிறது.

ஓடையில் கலவை உருவாக யாரும் தொட்டியில் கலக்க வேண்டியதில்லை. ஒருவர் வயலில் மானோகுரோட்டோபாஸ், அடுத்தவர் வயலில் அசிபேட், மேட்டு நிலத்தில் களைக்கொல்லி. ஒவ்வொருவரும் புட்டியில் அச்சிட்ட அளவை மீறாதிருக்கலாம். ஒரு மழை போதும், எல்லாம் ஒரே நீரில் சேர்ந்துவிடும்.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் விற்பனைக்கு வரும் சரக்கைப் பதிவு செய்கிறது. மீனுக்கு நஞ்சா என்ற சோதனையும் அந்தந்தச் சரக்குக்குத்தான். ஓடையில் தானாகச் சேரும் கலவைக்கு உற்பத்தியாளரும் இல்லை, பதிவும் இல்லை, சோதனையும் இல்லை. சரி, நீரையாவது சோதிக்கிறார்களா? மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வனவிலங்குக்கும் மீன்வளத்துக்கும் உகந்த நீரை ‘டி’ வகுப்பு என்கிறது. அதற்கான அளவுகோல்கள் மூன்று: அமில காரநிலை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பூச்சிக்கொல்லி என்ற சொல்லே அதில் இல்லை.

கூட்டிப் பார்க்கும் வித்தை அரசுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். புட்டித் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருப்பது 2003இல் அம்பலமாகி நகரங்களில் கூச்சல் எழுந்ததும், ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்ந்து 0.0005 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. விலை கொடுத்து வாங்குபவரின் நீருக்கு மொத்த வரம்பு உண்டு. வலை வீசிப் பிழைப்பவரின் நீருக்குத் தனி வரம்புகூட இல்லை. வர்க்கப் பார்வை என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

கலவையின் ஆபத்து கற்பனை அன்று. அமெரிக்க மீன்வள விஞ்ஞானிகள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பூச்சிக்கொல்லிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து சால்மன் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். தனித்தனியே கொடுத்தபோது உயிரைப் பறிக்காத அளவுகளே, சில இணைகளில் மீன்களைக் கொன்றன. இரண்டும் இரண்டும் நான்கு என்ற கணக்கையும் மிஞ்சிய விளைவு அது. மாலத்தியானைச் சிதைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதியை இன்னொரு நஞ்சு முடக்கிவிட்டால், சிறிதளவு மாலத்தியானே பெரிய அளவாகிவிடுகிறது. மீன் செத்து மிதந்தால்தான் பாதிப்பு என்பதுமில்லை. நரம்பு தளர்ந்து, நீந்தவும் இரை தேடவும் இயலாத மீன் எந்த அறிக்கையிலும் இடம்பெறாமல் ஆற்றிலிருந்து அற்றுப்போகும்.

அந்த ஐந்தில் மாலத்தியான், குளோர்பைரிபாஸ், கார்போபுரான் ஆகிய மூன்றும் 2020 மே மாதம் ஒன்றிய அரசே தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் பட்டியலில் இருந்தன. உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். 2023இல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடைக்கு உள்ளானவை டைகோபால், டினோகாப், மெத்தோமில் என மூன்றே. மாலத்தியானும் குளோர்பைரிபாசும் கடைகளில் தொடர்ந்தன.

இங்கே நாம் ஒரு பொறியில் விழுந்துவிடக் கூடாது. ஆறு நஞ்சானதற்கு விவசாயியே குற்றவாளி என்ற பேச்சு மீனவரையும் விவசாயியையும் மோதவிடும். கடனுக்கு மருந்து கொடுக்கும் கடைக்காரரே வேளாண் ஆலோசகராகவும் இருக்கும் ஊரில், எதை எதனோடு கலப்பது என்று முடிவு செய்பவர் விவசாயி அல்லர். எண்டோசல்பானுக்கு எதிராக இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, அந்தப் போராட்டம் காசர்கோட்டின் உழைப்பாளிகளை எதிரியாகக் கருதவில்லை. நஞ்சை விற்றவர்களையும் தெளிக்க ஆணையிட்டவர்களையுமே எதிர்த்தது.

ஆகவே ‘டி’ வகுப்பு அளவுகோலில் பூச்சிக்கொல்லிகளுக்குத் தனி வரம்பும் மொத்த வரம்பும் சேர்க்கப்பட வேண்டும். தெளிப்பு உச்சத்தில் இருக்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மழை பெய்த மறுநாளே ஓடை நீர் எடுக்கப்பட வேண்டும். கோடையில் எடுத்த மாதிரி எதையும் காட்டாது. அதற்கான செலவை உற்பத்தி நிறுவனங்களிடம் வசூலிக்க வேண்டும். விவசாயிகள் சங்கமும் உள்நாட்டு மீனவர் சங்கங்களும் இதை ஒரே மனுவாக, அடுத்த காரிப் பருவம் தொடங்குமுன் மாவட்ட ஆட்சியர்களிடம் அளிக்க வேண்டும்.