யார் சொன்னது?



மாலை வேளையில் சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். மறைமலை நகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடம் என்று நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், கல்லூரி விட்டு வரும் மாணவர்கள், காய்கறிப் பையோடு தாய்மார்கள். இவர்களிடையே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்களும் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் செல்போன். ஒரே நடைமேடையில் நின்று ஒரே இரயிலில் ஏறுகிறோம். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவரைப் பற்றி நம் கையில் உள்ள கருவி சொல்வதுதான் தெரியும். அது சொல்வது பொய்யாக இருந்தால் என்ன ஆகும்?

மிட்டாய் கொடுத்த கை

என்ன ஆகும் என்பதைத் தமிழகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018-ஆம் ஆண்டில் குழந்தை கடத்தும் கும்பல் ஒன்று ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. அவ்வாண்டு மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே உள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதற்காக உறவினர்களோடு காரில் வந்தார் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி. வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்தார். அதுவே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. கூட்டம் திரண்டது. அவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் பலத்த காயமடைந்தனர். அதே நாட்களில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஜூலை முதல் நாளில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐந்து பேர் மாண்டனர்.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றி வந்த காணொளிகளுள் ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி விழிப்புணர்வு ஊட்ட எடுக்கப்பட்ட குறும்படம். கடைசிக் காட்சியில் அவர்கள் குழந்தையைத் திரும்ப இறக்கிவிடுவார்கள். யாரோ அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பதற்காக எடுத்த படம், அப்பாவிகள் மீது பழி சுமத்தும் சாட்சியாக மாறியது.

பழைய அச்சம், புதிய பாதை

கூட்டமாக அஞ்சுவது செல்போனோடு வந்த பழக்கம் அல்ல. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபின், டிசம்பர் 30 அன்று மீண்டும் ஆழிப்பேரலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரிக்கை விடுத்தது. தமிழகக் கடற்கரை ஊர்களில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். பின்னர் அதற்கு ஆதாரம் இல்லை என்று தெரியவந்தது. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு முகவரி இருந்தது. சொன்னது யார் என்று தெரிந்ததால் கேள்வி கேட்கவும், மறுப்பு வெளியிடவும், மக்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் முடிந்தது.

இன்றைய வதந்திக்கு அந்த முகவரி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், வடமாநிலத்தவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கும்படி ஒரு குரல் பதிவு நம் அன்பியக் குழு ஒன்றுக்கு வந்தது. அனுப்பிய சகோதரியைக் கேட்டபோது, நாத்தனார் அனுப்பினார் என்றார். நாத்தனாருக்கோ மகன் படிக்கும் பள்ளியின் தாய்மார் குழுவில் கிடைத்தது. அங்கே அதை அனுப்பியவருக்கு அலுவலகத் தோழி அனுப்பியிருந்தார். அதற்கு மேல் தடம் இல்லை. இவர்களில் ஒருவர்கூடத் தீயவர் அல்லர். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தால், எதற்கும் தெரிந்திருக்கட்டுமே என்று அனுப்பியவர்கள். பெற்றவர்கள் அதை நம்பியதும் செய்தியை வைத்து அல்ல, அனுப்பியவரை வைத்தே. யாரோ சொன்ன பொய், நமக்கு வேண்டியவரின் குரலில் வந்து சேர்கிறது. இதுதான் புதுமை. இதுதான் ஆபத்தும்கூட.

அச்சம் இரு பக்கமும்

இந்த வாள் மறுபக்கமும் வெட்டும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்ற காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. அவை வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறையின் காட்சிகள். தமிழகக் காவல்துறை உடனே மறுப்பு வெளியிட்டது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. இருந்தும் ஊரிலிருந்து தாய்மார்கள் அழுதுகொண்டே அழைத்ததால், மூட்டையைக் கட்டிக்கொண்டு இரயில் ஏறியவர்கள் உண்டு. 2018-இல் அந்நியரைக் கண்டு நாம் அஞ்சினோம். 2023-இல் அவர்கள் நம்மைக் கண்டு அஞ்சினார்கள். இரண்டு முறையும் இரு தரப்பும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கவில்லை என்பதே உண்மை.

ஒரு விரலின் தயக்கம்

2018-இன் கொலைகளுக்குப் பின், ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மத்திய, மாநில அரசுகளுக்கு வழிகாட்டு நெறிகளை வழங்கியது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் சுருக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

இந்த எண்ணைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். யாருடைய மனமும் மாறவில்லை. அனுப்புவது கொஞ்சம் சிரமமானது, அவ்வளவுதான். அப்படியானால் அதுவரை பரவியதில் பெரும்பகுதி வெறுப்பினால் அல்ல, எளிதாக இருந்ததனால்தான் பரவியது. நாம் யோசிக்காமல் அனுப்பியிருக்கிறோம். தன் கையால் அடிக்கத் துணியாதவர்களும், அடிக்கத் திரண்ட கூட்டத்தை உருவாக்குவதில் பங்கெடுத்திருக்கிறோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குப் பொய்ச் செய்திகளையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டார். ஏதேன் தோட்டத்தில் பாம்பு பேசியதை அவர் அங்கே நினைவுபடுத்தினார். முழுப்பொய்யை யாரும் எளிதில் நம்புவதில்லை. பாதி உண்மையோடு, நம் நலம் விரும்பும் குரலில் சொல்லப்படும்போதுதான் ஏமாறுகிறோம். பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளையை நீதிமன்றக் கூண்டோடு நிறுத்திக்கொள்ளலாமா? நாம் சரிபார்க்காமல் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், முகம் தெரியாத ஒருவருக்கு எதிராக நாம் இடும் கையொப்பம் அல்லவா?

பெயர் கேட்போம்

செல்போனை வீசி எறிய வேண்டியதில்லை. வெள்ளத்தின்போது உதவி சேர்ப்பதும், இரத்தம் தேவைப்படும்போது ஆள் தேடுவதும், தொலைவில் உள்ள பிள்ளையின் முகம் காட்டுவதும் இதே கருவிதான். அனுப்பும் முன் "யார் சொன்னது, எந்த ஊரில், என்றைக்கு?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்போம். பதில் இல்லையென்றால் செய்தி நம்மோடு நிற்கட்டும். ஏற்கெனவே அனுப்பியது பொய் என்று தெரிந்தால், அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுவோம். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் மறுப்பும் வேண்டியவர் குரலில் வந்தால்தான் நம்புவார்கள்.

இன்னொன்று, இதைவிட எளியது. நம் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களை நாம் கவனித்திருக்கிறோமா? மொழி புரியாவிட்டாலும் முழந்தாளிட்டு நம்மோடு செபிக்கிறார்கள். திருப்பலி முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். அடுத்த ஞாயிறு ஒருவரிடமாவது பெயரைக் கேட்போம். ஒரு குவளை தேநீர் கொடுப்போம். அறைக்கு வாடகை தந்திருப்பவர்கள், வாடகை நாளில் மட்டும் கதவைத் தட்டாமல் இருப்போம்.

நாளை மீண்டும் ஒரு வதந்தி வரும். அன்று நம் குழுவில் யாராவது ஒருவர், "அந்தப் பையனை எனக்குத் தெரியும், நல்ல பையன்" என்று எழுதினால் போதும், ஓர் உயிர் பிழைக்கும். அந்த ஒருவராக இருக்க இன்றே முயல்வோம்.