குருசும் குறுக்குச் சுவரும்



புதுவை நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்துள்ளது குருசுக்குப்பம். தன் பெயரிலேயே குருசைச் சுமந்து நிற்கும் மீனவர் குப்பம் அது. குருசு என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம் தமிழுக்கு வந்தது. வந்த சொல் வீட்டுப் பேச்சிலும் செபத்திலும் இரண்டறக் கலந்துவிட்டது. அச்சொல் உணர்த்தும் பொருள் நம் அன்றாட வாழ்வில் எவ்வளவு கலந்திருக்கிறது? இத்திங்கள் இதைச் சற்றே சிந்திப்போம்.

குருசில் இரு மரங்கள் உள்ளன. நெடுமரம் மண்ணை விண்ணோடு இணைக்கிறது. குறுக்குமரம் ஆண்டவரின் இரு கரங்களையும் விரித்துக் காட்டி, மனிதரை மனிதரோடு இணைக்கிறது. ஆனால் குறுக்கே நிற்பவை எல்லாம் இணைப்பதில்லை. குறுக்குச் சுவரும் குறுக்கேதான் நிற்கிறது, அது பிரிக்கிறது. அத்தகைய சுவரொன்று குருசுக்குப்பத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே, நம் ஆலயத்தினுள்ளேயே, ஒரு காலத்தில் நின்றது.

நாம் சம்பா கோவில் என்றழைக்கும் அமலோற்பவ அன்னைப் பேராலயம் 1791-ல் அபிஷேகம் பெற்றது. 1761-ல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து அழிப்பதற்கு முன்னர் அங்கிருந்தது புனித சின்னப்பர் ஆலயம். அவ்வாலயத்தில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745 அக்டோபரில் அம்மக்கள் ஒன்றுகூடி, தலைமைக் குருவிடம் சென்று முறையிட்டனர். 'ஆண்டவர் தம் அடியாரிடையே வேற்றுமை பாராட்டுகிறாரா? எங்களை மட்டும் ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள்?' என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம். குருவானவர் மறுமொழி கூற இயலாதவராய்ச் சுவரை இடிக்கக் கட்டளையிட்டார். உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியவர்களிடையே உடனே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. இச்செய்தியை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். பின்னாளில் தலைமைத் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை. நம் வீட்டுக் குறையை அயலார் எழுதித்தான் நாம் அறிகிறோம்!

கிறிஸ்து பிரிவினைச் சுவரைத் தகர்த்தெறிந்தார் என எபேசியருக்கு எழுதியவர் புனித சின்னப்பர். அவர் பெயரைத் தாங்கிய ஆலயத்திலேயே அச்சுவர் எழும்பியது நம் வெட்கம். ஆயினும் அந்நிகழ்ச்சியில் நமக்கு ஓர் அரிய பாடமும் உண்டு. அன்று திருச்சபையை வழிநடத்தியவர் யார்? சுவரை இடிக்கச் சொன்ன குருவானவரா? ஆம், அவரும்தான். ஆனால் அவருக்கு முன்பே வழிகாட்டியவர்கள், சுவருக்கு அப்பால் முழந்தாளிட்டிருந்த எளியவர்கள். பதவியோ பட்டமோ அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கிருந்தது திருமுழுக்கு ஒன்றே. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் கிறிஸ்துவின் குருத்துவ, இறைவாக்கு, அரசப் பணிகளில் பங்கு பெறுகின்றனர் என 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1964-ல் போதித்தது. அவ்வுண்மையை அவ்வெளியோர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டினர்.

கற்சுவர் விழுந்தது, மனச்சுவர் விழுந்ததா? 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவரிடையே சாதி உணர்வின் சாயல்கூட இருத்தலாகாது என்று எச்சரித்தார். 2008 மார்ச்சில், நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், கத்தோலிக்கரிடையே எழுந்த சாதிப் பூசல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரு உயிர்களைப் பலிகொண்டது. திருச்சபைக்குள்ளும் இப்பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இவற்றையெல்லாம் பெரியோர் பார்த்துக்கொள்ளட்டும் என நாம் ஒதுங்கிவிட இயலாது. ஆலயத்துச் சுவரை இடிக்கக் குருவானவர் கட்டளையிடலாம். அடுக்களைச் சுவரை இடிக்க அவரால் இயலாது.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் திருவிழா நாளன்று வேலைக்கு உதவ ஓர் அம்மையார் வந்திருந்தார். அன்று காலைத் திருப்பலியில் அவ்வீட்டாரும் அவரும் அடுத்தடுத்து நின்று நன்மை வாங்கியவர்கள். வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் காப்பி தனித் தம்ளரில் நீட்டப்பட்டது. புதுநன்மை வாங்கி ஓராண்டுகூட ஆகாத அவ்வீட்டுச் சிறுமி, "அம்மா, கோவிலில் சாமியார் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதானே கொடுத்தார்?" என்று கேட்டாள். தாயார் பதில் பேசவில்லை. மறுமுறை அந்தத் தம்ளர் அலமாரியிலிருந்து வெளியே வரவில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம். அன்று அவ்வில்லத்தில் இறைவாக்குப் பணி செய்தவள் அச்சிறுமியே.

பங்குப்பேரவையில் இடம் பெறுவதும், மேடையில் மாலை பெறுவதும் மட்டுமே தலைமை அன்று. தேர் எத்தெரு வழியே செல்வது என்ற பேச்சு எழும்போது விடுபட்ட தெருவுக்காக வாய் திறப்பது தலைமை. பிள்ளைகளின் திருமணப் பேச்சில் முதற்கேள்வி எதுவென்று முடிவு செய்வது தலைமை. கல்லறைத் தோட்டத்திலும் கோடு போட்டுப் பிரிப்பவர்களை அன்போடு தடுப்பது தலைமை. இவை எவற்றுக்கும் நியமனக் கடிதம் தேவையில்லை.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், சுவரில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை ஒரு கணம் நோக்குவோம். விரிந்த அக்கரங்களின் குறுக்கே நம் இல்லம் எழுப்பியுள்ள சுவர் எது என்று ஒருவரையொருவர் கேட்போம். பிள்ளைகள் கூறும் விடைக்கும் செவிசாய்ப்போம். அதை இடிக்கக் கடப்பாரை வேண்டியதில்லை. ஒரு தம்ளரிலிருந்து தொடங்கினாலும் போதும்.