வாப்பாவின் கணக்கில் கிரிப்டோ

கிரிப்டோ ஹலாலா ஹராமா என்று எங்கள் வீடுகளில் நிறையப் பேசுகிறோம். எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்கொயின் வியாபாரம் கூடாது என்றது. மலேசியாவில் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனை சபை 2020இல் டிஜிட்டல் சொத்துக்களை வாங்கி விற்க இடங்கொடுத்தது. அதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். என்னுடையது சின்னக் கேள்வி: காசு யாருடைய கணக்கிலிருந்து யாருடைய கணக்குக்குப் போகிறது?

மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022இல் அறிவித்தது. அதற்குக் கடனட்டையோ டெபிட் கார்டோ பாவிக்க முடியாது என்ற பணிப்புரை 2021இலேயே வந்துவிட்டது. அந்தக் கதவு மூடியதும் பலர் வங்கிப் பரிமாற்றத்துக்கு மாறினார்கள். வெளிநாட்டுச் செயலி ஒன்றில் விற்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருடைய நாணயத்தைச் செயலி பிடித்து வைத்திருக்கும். அவர் காட்டும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு ரூபாய் அனுப்ப வேண்டும். அவர் "கிடைத்தது" என்று அழுத்தினால் நாணயம் நமக்கு வரும். ரூபாயைக் கொண்டுபோவது 2015இல் ஆரம்பித்த செஃப்ட்ஸ் முறைதான். டியூஷன் காசும் சீட்டுக் காசும் சில நொடிகளில் போய்ச் சேருவது அதனால்தான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்த வேகத்தில் போன காசை வங்கி தானாகத் திருப்பி எடுத்துத் தராது.

காசு போய்விடுவதைவிட, வரும் காசுதான் எனக்குப் பயம். வாங்கிய நாணயத்தை ஒருநாள் விற்கத்தானே வேண்டும்? இல்லாத போனை விற்பதாக விளம்பரம் போட்ட மோசடிக்காரன், ஏமாந்தவரிடம் உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கிறான். அவருடைய காசு உங்களுக்கு வருகிறது. உங்கள் நாணயம் அவனுக்குப் போகிறது. ஏமாந்தவர் பொலிஸுக்குப் போனால் வங்கிப் பதிவில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே.

உங்கள் பெயர் என்றேன். எங்கள் வயதில் அது பெரும்பாலும் வாப்பாவின் பெயர். கணக்கு முடக்கப்பட்டால் உம்ராவுக்குச் சேர்த்ததும் தாத்தாவின் கல்யாணக் காசும் அதோடு நின்றுவிடும். கடை வைத்திருக்கும் வாப்பா மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பி வரும். அந்த வெட்கத்தை எந்த இலாபத்தால் ஈடுசெய்வது?

பெற்றோரைப் பார்த்தும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கிச் செயலி விளங்காததால் இரகசிய இலக்கத்தையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஓ.டி.பி. வந்தால் "என்னவோ நம்பர் வந்திருக்கு மகன்" என்று போனையும் நீட்டுகிறீர்கள். நீங்கள் நம்பித் தந்தது அமானிதம். மின்சாரக் கட்டணம் கட்டத் தந்ததை வேறெதற்கும் பாவிப்பது, இலாபமே வந்தாலும், அமானிதத்தை மீறுவதுதான். காசு அனுப்பும்போது குறிப்பில் 'கிரிப்டோ' என்று எழுதாதீர்கள் என்று விற்பவர்கள் சொல்வதும் உண்டு. வங்கிக்கே மறைக்க வேண்டிய ஒன்றை வாப்பாவின் பெயரில் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

கமிஷனுக்காகக் கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் இதைவிட மோசம். திட்டித் தடுத்தால் பிள்ளைகள் ஒளித்துச் செய்வார்கள். மாதம் ஒரு தடவை கணக்குக் கூற்றைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். தெரியாத பெயர் வந்தால், யார் இவர் என்று அப்போதே கேளுங்கள்.