போலச் செய்தலும் வன்முறையும்: நாடகக் கல்வி அஞ்சும் வேடங்கள்

கொடியவன் வேடம் பூணும் மாணவன் கொடுமையைக் கற்றுக்கொள்வான் என்னும் கருத்து கல்விக்கூடங்களில் இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது. ஆதலின் கல்லூரி மேடைகளில் சான்றோர் வரலாறுகளே மீண்டும் மீண்டும் நடிக்கப்பெறுகின்றன. வன்முறைக் காட்சி விளக்கை அணைத்து முடிக்கப்பெறுகிறது. இக்கருத்து நாடகத்தையும் அறியாதது, வன்முறையையும் அறியாதது.

புனேயின் வடகிழக்கில், இன்று விமான நிலையத்தால் அறியப்பெறும் லோஹேகாவ், துக்காராமின் தாய்வழி ஊராகச் சொல்லப்படுவது. அங்கு அவருடைய கீர்த்தனத்தில் ஈடுபட்டுச் சிவபா என்னும் கன்னார் அடியாரானார் என்றும், அதனால் வெகுண்ட அவர் மனைவி துக்காராமை வரவழைத்து, நீராட அமர்ந்தவர்மேல் கொதிநீரை ஊற்றினார் என்றும் அடியார் வரலாறு கூறும். இதனை நடிப்போர் துக்காராம் வேடத்திற்கே போட்டியிடுவர். கற்கவேண்டிய வேடமோ அம்மனைவியுடையது. கணவன் வேறொருவரைப் போல ஆகத் தொடங்குகிறான். அவன் வேட்கையில் அவளுக்கு இடமில்லை. குடத்தைத் தூக்குமுன் அவள் உடல் எவ்வாறு நிற்கும்? இவ்வினாவிற்கு உரைநூல் விடை தராது. நடிப்பவளின் தோளும் மூச்சுமே தரும்.

மனிதர் பிறர் விரும்புவதைக் கண்டே விரும்புகின்றனர், ஆதலின் முன்மாதிரியே பகைவனாகிறான் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார். அப்பகை முற்றும்போது கூட்டம் ஒருவனைப் பலியாக்கி அமைதி பெறுகிறது என்பதை அவர் விரித்துரைத்த நூல் 1972இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அந்நூலோடு எத்தொடர்பும் இன்றி, விஜய் டெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ புனேயில் அரங்கேறியது. அந்நகரில் அடியுண்டு அவமதிக்கப்பெற்ற காசிராம், நானா பட்னவிசின் காமத்திற்குத் தன் மகளையே விலையாக்கிக் கோத்வால் பதவி பெறுகிறான். தான் பட்டதைப் பன்மடங்காக்கி நகரத்தார்க்குச் செய்கிறான். இறுதியில் கூட்டத்திற்குப் பலியாகிறான். நானா தப்பிவிடுகிறார். ஜப்பார் படேல் இயக்கிய அவ்வரங்கில் வரிசையாக நிற்கும் பிராமணர் குழுவே சுவர், அதுவே கூட்டம். அவ்வரிசையில் நிற்கும் மாணவன், பக்கத்தவன் கை ஓங்கியதும் தன் கையும் எழுவதை உணர்கிறான். தலைமை வேடம் ஏற்றவனுக்கு இவ்வறிவு எளிதிற் கிட்டாது.

ஒரு சாதியாரை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழவே, அரங்கேற்றிய அமைப்பே நாடகத்தை நிறுத்தியது. நடிகர்கள் பிரிந்து 1973இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கி அதனைத் தொடர்ந்தனர். காட்டப்பெற்ற கொடுமையைவிடக் காட்டியதே குற்றமாகக் கொள்ளப்பட்டது. நம் கல்வியாளரின் அச்சமும் இவ்வகையினதே.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் வெகுளியை விலக்கினாரில்லை. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என அதன் நிலைக்களன்களையும் வகுத்தார். மெய்ப்பாட்டியலை மனனம் செய்வித்துத் தேர்வு நடத்தும் துறைகளே மேடையில் வெகுளியைக் கண்டு நடுங்குவது விந்தை!

கட்டுப்பாடு வேண்டாவோ எனில், வேண்டும். அடி உடலிற் படலாகாது, காட்சி மெதுவாகப் பயிலப்பெறவேண்டும், வேடங்கள் மாறவேண்டும். லோஹேகாவ்க் காட்சியில் குடம் வெறுங்குடமாகவே இருக்கட்டும். ஆனால் முதல் நாள் ஊற்றியவள் மறுநாள் கீழே அமரவேண்டும்.