ஆணவம் செருக்கன்று

சைவ நன்மக்களுட் சிலர் இக்காலத்து மேடைகளில் ஆணவமலத்தைப் பற்றிப் பேசப் புகுந்து, "ஆணவமாவது 'ஈகோ', நான் என்னுஞ் செருக்கு, அதனை விட்டவனே முத்தன்" என்று முடிக்கின்றனர். கேட்போரும் தலையசைக்கின்றனர். புறச்சமயத்தார் வாதத்தாலும் சித்தாந்தத்துக்கு இத்துணை ஊறு விளைந்திலது.

1854 இல் ஆய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியாரும், 1895 இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களும் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். பிறமொழியாளர்க்கு அவர் மொழிச்சொற்கொண்டே உணர்த்தல் வேண்டும், அதன்கண் குற்றமின்று. ஆங்கிலச் சொல்லின் வாசனையேறித் திரும்பிவந்த பொருளைத் தமிழரே மூலமெனக் கொள்ளுதலே குற்றம். 'ஈகோ' என்பது இலத்தீனில் 'நான்' என்னும் அளவிற்றே. ஆணவமோ 'அணு' என்பதன் அடியாகப் பிறந்தது. வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படச் செய்வது. 'ஆணவம் பிடித்தவன்' என்னும் உலகவழக்கும் இம்மயக்கத்துக்குத் துணைபோயிற்று.

கேவலநிலையில் உயிர்க்கு அறிவு இச்சை செயல்கள் விளங்குவதில்லை. ஆணவம் முழுதும் மூடிநிற்பது அந்நிலையிலேயாம். நான் என்றெழும் உணர்வே இல்லாவழிச் செருக்கு யாண்டையது? நான் என்றெழுவது அகங்காரம். அஃது அந்தக்கரணங்களுள் ஒன்று, மாயையின் காரியம். மாயேயத்தையும் மூலமலத்தையும் ஒரு சொல்லால் வழங்குவார்க்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். திருவருட்பயன் மூன்றாம் அதிகாரத்துக்கு உமாபதிசிவனார் இட்ட பெயர் 'இருண்மலநிலை' என்பது.

அற்றேல், செருக்கு ஆணவத்தின் காரியமாகலின் காரியத்தின் பெயரைக் காரணத்துக்கு இட்டனம் எனின், அதுவும் பொருந்தாது. இருபாவிருபஃது ஆணவத்தின் குணங்களாக விகற்பம், கற்பம், குரோதம், மோகம், கொலை, அஞர், மதம், நகை என எட்டு எண்ணும். அவற்றுள் மதமொன்றே செருக்காவது. அஞராவது துன்பம். துன்புற்று அழுவானையுஞ் செருக்கினான் என்பரோ?

செருக்காயின் ஒருவன் தன் முயற்சியால் அதனை அடக்கலாம். பணிவு கற்றாற் போதும். தீக்கையும் குருவருளும் மிகையாய் ஒழியும். மலம் திரவியமென்று ஆகமங் கூறியதன் பயனும் ஒழியும். கண்ணிற் படலமுடையானுக்குப் பணிவு கற்பித்தாற் பார்வை வருமா? மருத்துவன் கருவிகொண்டு அப்படலத்தை நீக்கல் வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுவோர் 'ஆணவம்' என்றே எழுதிப் பொருள் விரித்தல் இயலாததன்று. கன்மமும் மாயையும் பெயர்க்கப்படாமலே அம்மொழி அகராதிகளிற் புகுந்துள்ளன.