காற்றுக்கு முன்பணம்

மதுரை நண்பர்கள் சிலர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்து ஒரு யோசனை கேட்டார்கள். ஆடி மாதத்தில் குடும்ப சமேதராய்ப் பொள்ளாச்சிக்குச் சென்று, வெப்பக் காற்றுப் பலூனில் ஏறிப் பார்த்துவிட்டு வருவதாக உத்தேசம். பொங்கல் சமயத்தில் கூட்டம் தாங்காது. தங்குவதற்கு அறை கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை அதிகம். ஆடியில் போனால் செலவும் குறைவு, நெரிசலும் இராது என்பது அவர்கள் போட்ட கணக்கு. முன்பணம் கேட்டுத் தரகர் ஒருவர் அனுப்பிய சீட்டையும் காட்டினார்கள். வாங்கிப் படித்தோம். எத்தனை மணிக்குப் புறப்படுவது, காலைப் பலகாரம் என்ன, புகைப்படத்துக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் விவரமாக இருந்தன. காற்று இடங்கொடாவிட்டால் கொடுத்த பணம் என்னவாகும் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

இது நாலு நண்பர்களின் சொந்த விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடவில்லை. 2015-ஆம் வருஷம் தொடங்கிப் பொள்ளாச்சியில் பொங்கலையொட்டி நடந்துவரும் சர்வதேசப் பலூன் விழா, 2025 ஜனவரியில் தன் பத்தாவது தடவையாகத் திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை ஆகிய மூன்று இடங்களில் நடைபெற்றது. நமது ஊரின் ஆகாயத்திலேயே பலூன் மிதந்ததைப் பார்த்த ஜனங்களுக்கு அதில் ஏறும் ஆசை உண்டாவது இயற்கை. ஆசை உண்டான இடத்தில் வியாபாரம் பிறப்பதும் இயற்கை. ஆகவே வாங்குகிறவன் எதை வாங்குகிறான், விற்கிறவன் எதை விற்கிறான் என்பதை இப்பொழுதே பரிசீலிப்பது பத்திரிகையின் கடமையாகிறது.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. பாரிஸ் நகரில் 1783 நவம்பர் 21-ஆம் தேதி முதன்முதலாக இரண்டு மனிதர் கட்டறுத்த பலூனில் பறந்தார்கள். அன்று முதல் இன்று வரை இந்த ஒரு விஷயம் மாறவில்லை. விமானி செய்யக்கூடியதெல்லாம் ஏறுவதும் இறங்குவதுமே. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை வேறுபடுவதால், ஏறியும் இறங்கியும் தனக்கு வேண்டிய காற்றைத் தேடிக்கொள்கிறான். வேண்டிய காற்று எந்த உயரத்திலும் இல்லையென்றால் வந்த காற்றோடு போக வேண்டியதுதான். தரைக்காற்று மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்கு மேல் போனால், பொறுப்புள்ள விமானி பலூனை விரிக்கவே மாட்டான்.

இப்பொழுது பொள்ளாச்சியின் இருப்பிடத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். பொள்ளாச்சி அவ்வாசலுக்கு எதிரே இருக்கும் ஊர். தை மாதத்தில் கீழ்க்காற்று அவ்வாசல் வழியாக மேற்கே மெல்லப் போகிறது. வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று அதே வாசல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். கம்பம் கணவாயின் வழியாக வரும் காற்றை நம்பித் தேனிப் பக்கத்திலும் அவ்வாறே நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்காரனுக்கு அறுவடையான மாதம் பலூன்காரனுக்குப் பட்டினி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த நாட்டில், அதே ஆடியில் துணிப்பையில் ஏறிப் பறப்பதற்கு முன்பணம் வாங்குகிறவனின் துணிச்சலை என்னென்பது!

காற்றைப் போலவே வெயிலும் கவனிக்கத் தக்கது. பலூனுக்குள் உள்ள காற்று வெளிக்காற்றைவிட இலேசாக இருப்பதால்தான் அது மேலே எழும்புகிறது. உள்ளே 100 டிகிரி சூடு வைத்து, வெளியே குளிர்ந்த வைகறையில் 20 டிகிரி இருந்தால், ஆயிரம் கனமீட்டர் காற்று ஏறக்குறைய 260 கிலோ பாரத்தைத் தூக்கும். வெளியே 35 டிகிரியானால் 200 கிலோவைத்தான் தூக்கும். பாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு நெருங்கக் குறைந்துபோகிறது. வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து கிளம்பும் அனல் அலைகள் வேறு பலூனைத் தூக்கித் தூக்கிப் போடும். சூரியோதயத்தை ஒட்டியே பறக்க வேண்டுமென்பது அழகுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று.

எனவே, பருவம் தவறிய காலத்தில் பலூன்காரனிடமிருந்து பிரயாணிக்குக் கிடைக்கக்கூடிய சரக்குகளில் மிகவும் விலையுயர்ந்தது, “இன்று பறக்க முடியாது” என்ற ஒரு வாக்கியமே. அந்த வாக்கியத்தைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. பறந்தால்தான் பணம் என்றிருப்பவனிடம் அந்த அதிகாரத்தைக் கொடுப்பது, வாதியையே நீதிபதியாக உட்கார்த்தி வைப்பதற்கு ஒப்பாகும். 2016 ஜூலை 30-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து லாக்ஹார்ட் என்னுமிடத்தில் ஒரு பலூன் மின்சாரக் கம்பியில் மோதி, அதிலிருந்த 16 பேரும் மாண்டனர். மேகமும் மூடுபனியும் இருப்பதை அறிந்தே விமானி கிளம்பினான் என்று விசாரணையில் வெளியாயிற்று. வானம் எச்சரித்தது, கேட்பதற்குக் கட்டாயப்படுத்துவோர்தான் இல்லை.

துருக்கியிலுள்ள கப்படோக்கியா பலூன் பிரயாணத்துக்கு உலகமெங்கும் பெயர்போன இடம். குளிர்காலத்தில் அங்கும் கட்டணம் இறங்குகிறது. பறக்க முடியாத காலைகளும் பெருகுகின்றன. ஆனால், பறக்கலாமா கூடாதா என்பதை அங்கே கம்பெனிக்காரன் தீர்மானிப்பதில்லை. அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரிகள் காற்றை அளந்து, காலைதோறும் தீர்ப்புச் சொல்கிறார்கள். கூடாதென்றால் ஒரு பலூனும் எழும்புவதில்லை. போட்டிக்காரன் பறக்கிறானே, நான் மட்டும் நிற்பதா என்ற தர்மசங்கடமும் ஒருவனுக்கும் இல்லை.

பலூனில் ஏறுகிறவன் மட்டுமல்ல, அது இறங்கும் நிலத்துக்குடையவனும் இதில் சம்பந்தப்பட்டவன். அவனை ஒருவரும் யோசனை கேட்பதில்லை. 2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் எழும்பிய பலூன் கீழ்க்காற்றோடு மாகாண எல்லையைத் தாண்டிப் பாலக்காட்டு ஜில்லாவில் நெல்வயலில் போய் இறங்கிற்று. ஏறியிருந்தோர் பத்திரமாக மீண்டது பற்றி எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால், மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியை நினைத்துப் பாருங்கள். யானைமலைக்கும் நாகமலைக்கும் இடையிலும், அழகர்மலை அடிவாரத்திலும் பலூன் இறங்கத் தக்க திறந்த வெளியென்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி ஒருவனுடைய வாழை அல்லது நெல். பலூனுக்கு உகந்த தை மாதம் வயலில் கதிர் நிற்கிற மாதமுமாகும்.

இவ்விஷயத்தில் சட்டம் சொல்வதென்ன? 1934-ஆம் வருஷத்து இந்திய விமானச் சட்டம் பலூனையும் விமானத்தோடு சேர்த்துக்கொண்டது. நியாயமான உயரத்தில் ஒருவன் நிலத்தின்மேல் பறந்ததை மட்டும் காரணமாக வைத்து வழக்குத் தொடரலாகாது என்றும் அது கூறிற்று. 2025 ஜனவரி முதல் தேதி அதன் இடத்தில் புதிய சட்டம் அமுலுக்கு வந்திருக்கிறது. எனினும், மேலே பறப்பது வேறு, பயிரின்மேல் இறங்குவது வேறு என்பதை அறியச் சட்டப் புலமை வேண்டியதில்லை. நியூயார்க் கோர்ட்டில் 1822-இல் தீர்ந்த ஒரு வழக்கு வக்கீல்களுக்குப் பரிச்சயமானது. கில் என்பவனுடைய பலூன் ஸ்வான் என்பவனுடைய தோட்டத்தில் விழுந்தது. உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையும் பலூன் இழுத்துச் சிதைத்ததில் நஷ்டம் சுமார் 15 டாலர். அவனைக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் வேலியை உடைத்துக்கொண்டு ஓடிவந்த கூட்டம் மிதித்ததையும் சேர்த்தால் 90 டாலர். கூட்டம் செய்ததற்கு நானா பொறுப்பு என்று கில் வாதித்தான். பலூன் விழுந்தால் கூட்டம் கூடும் என்பது அவன் எதிர்பார்த்திருக்க வேண்டியதே என்று கூறி, முழுத் தொகைக்கும் அவனையே பொறுப்பாக்கினார்கள். நம் ஊரில் கூட்டம் கூடுமா கூடாதா என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. “பொங்கல் சமயத்து வாடகையைக் கொடுக்கச் சக்தியில்லாத குடும்பஸ்தன் வேறெப்பொழுது போவான்? ஆகாயமும் பணக்காரனுக்கு மட்டும் சொந்தமா?” என்று நண்பர்களில் ஒருவர் கேட்டார். அவருடைய கோபத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது ஆபத்தாக இருக்கலாகாது. மலிவான காலமும் காற்று அடங்கிய காலமும் சேருகிற மாதம் ஒன்று உண்டென்றால் அது மாசி. விழாக் கூட்டம் கலைந்திருக்கும். வைகறைக் குளிர் முற்றும் போயிராது. தென்மேற்குக் காற்றும் பிறந்திராது. அப்பொழுது பத்துப் பலூன்களையாவது நிறுத்தி, சாமானியனுக்குக் கட்டக்கூடிய கட்டணத்தில் ஏற்றுவதற்குச் சுற்றுலா இலாகா முயலலாம்.

ஆடியிலேதான் போவோம் என்கிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால், பலூனை மறந்துவிட்டுப் போகட்டும். திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாக இரயிலில் உட்கார்ந்து போனால், மேற்கே மேகம் திரண்டு மலையை மூடுவதும், சாரல் காற்றில் தென்னந்தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்வதும் காணக்கிடைக்கும். ஆழியாறு அணையில் நீர் ஏறியிருக்கும். தையில் வருகிறவன் காணாத காட்சி இது. காற்று தன்னை ஏற்றிச் செல்லாவிட்டாலும், அது செய்யும் காரியத்தைப் பார்ப்பதும் ஒரு பிரயாணமே.

சர்க்காரை நாம் கேட்டுக்கொள்வது மூன்றே காரியங்கள். பலூன் எழும்பும் இடங்களில் காற்றை அளந்து அனுமதி சொல்லும் பொறுப்பை, வியாபாரத்தில் பங்கில்லாத அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அனுமதி இல்லாத நாளுக்கு முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகச் சீட்டிலேயே தமிழில் அச்சிட்டாலொழியப் பலூன் தொழிலுக்கு லைசென்ஸ் தரக்கூடாது. பலூன் இறங்கியதாலும், அதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தாலும் பயிருக்கு நேரும் நஷ்டத்தை, குடியானவன் கோர்ட்டு ஏறாமலே பெறும்படி முன்கூட்டியே ஜாமீன் தொகை கட்டச் செய்ய வேண்டும்.

நண்பர்களுக்கு நாம் சொன்ன யோசனையும் இதுவே: அந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புங்கள்; காற்றைப் பற்றி ஒரு வரி எழுதி வரட்டும், பிறகு பணத்தை எடுக்கலாம். ஆடி வீதியென்றும் மாசி வீதியென்றும் மாதங்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்திருக்கும் ஊர் மதுரை. எந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்பதைத் தரகர் சீட்டைப் பார்த்து அறிய வேண்டிய நிலை இவ்வூராருக்கு வேண்டாம்.