பனியன் என்னும் ஒரு சொல்

திருப்பூரில் 'பனியன் கம்பெனி' என்றால் உள்ளாடை மட்டும் தைக்கும் இடம் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கடல் கடந்து செல்லும் டி-சட்டை, குழந்தைகளின் இரவு உடை, விளையாட்டு வீரரின் மேலாடை எனப் பின்னலாடை அனைத்தையும் அவ்வூர் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டது. வெளியூர்க்காரருக்கோ பனியன் என்பது சட்டைக்குள் அணிவது. இவ்விரு பொருளாலும் பெரிய இடர் நேர்ந்ததில்லை. கேட்டவர் மனிதர், ஐயம் எழுந்தால் திருப்பிக் கேட்டுக்கொண்டார். இப்போது தொழிற்கூடங்களின் கணக்குகளுக்குள் புகுந்து தேடும் வேலை செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. அது திருப்பிக் கேட்கும் என்று நம்பியிருக்க இயலாது.

முகவர் என்பது, இடப்பட்ட பணிக்கு வேண்டிய கருவிகளைத் தானே தேர்ந்தெடுத்து இயக்கும் மென்பொருள். நூல் இருப்பைத் தேட ஒரு கருவி, பழைய ஆர்டர்களைத் தேட ஒன்று, சுங்கக் குறியீட்டைத் தேட மற்றொன்று எனப் பல கருவிகள் அதன்முன் இருக்கும். எதை எடுப்பது என்பதை அது பெரும்பாலும் கருவியோடு இணைத்து எழுதப்பட்ட சில வரிகளைப் படித்தே முடிவு செய்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறிமுறையும், ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கக் குறிப்பு, உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றை எழுத இடம் தருகிறது. அக்குறிப்பு மனிதர் பேசும் மொழியில் அமைவது. ஆகவே, அதை எழுதுதல் நிரலாக்கத்தைவிட உரைநடைக்கே நெருக்கமானது.

ஒரு கருவிக்கு 'நூலைத் தேடும்' என்று மட்டும் குறிப்பு எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். '30-ஆம் எண்ணைவிடத் தடித்த நூல் இருக்கிறதா?' என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். பருத்தி நூலின் எண் என்பது, 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்கும் என்னும் கணக்கு. எண் கூடினால் நூல் மெலியும். பாலியெஸ்டர் இழைக்கு வழங்கும் டெனியரோ, 9000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் சொல்வது. அங்கே எண் கூடினால் இழை தடிக்கும். இருப்பேட்டில் இரண்டும் 'எண்' என்ற ஒரே தலைப்பின்கீழ் கிடந்தால், முகவர் தேடும் திசையே தலைகீழாகலாம்.

அறிவு மிக்க இயந்திரம் இதைத் தானே ஊகித்துக்கொள்ளாதா என்று கேட்போர் உளர். கவுண்டும் டெனியரும் பற்றிய பொது அறிவு அதற்கு இருக்கலாம். ஆனால், இந்தக் கிடங்கின் ஏட்டில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது எந்த நூலிலும் எழுதப்படாத செய்தி. 'கிடங்கில் உள்ள சாயமிடாத நூலை மட்டும் தேடும். பருத்திக்குக் கவுண்ட், பாலியெஸ்டருக்கு டெனியர். இருப்பு முந்தைய நாள் மாலைக் கணக்கு' என்று எழுதினால் ஊகத்திற்கு வேலையில்லை.

கருவி எதைச் செய்யாது என்று சொல்வது இன்னும் இன்றியமையாதது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறையே நிபந்தனையாயிற்று. அத்தகைய ஊரில், சாயப்பட்டறைகளின் முகவரிகளைத் தரும் கருவிக்குச் 'சாயப்பட்டறைகளைத் தேடும்' என்று மட்டும் எழுதுவது தீங்காக முடியலாம். பட்டியலில் பெயர் இருப்பதையே முகவர் இசைவுக்குச் சான்றாகக் கொண்டு, துணியை அங்கே அனுப்பப் பரிந்துரைக்கக்கூடும். 'மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு நடப்பில் உள்ளதா என்பதை இக்கருவி சொல்லாது' என்னும் ஒரு வரியை எழுதச் சோம்பியதன் விலையை ஆறு கொடுக்க நேரும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டி நிரப்புவதும் தகாது. நன்னூல் சொல்லும் நூற்குற்றங்களில் குன்றக் கூறலோடு மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் இடம்பெறுகின்றன. பல கருவிகளின் குறிப்புகளை முகவர் ஒருங்கே படிக்கிறது. 'அதிவேகமான, மிகச் சிறந்த தேடல்' போன்ற விளம்பரச் சொற்கள் அதற்கு உதவா. இரு கருவிகளுக்கு ஏறத்தாழ ஒரே குறிப்பு இருந்தாலோ, அது மயங்கும்.

இத்திறம் திருப்பூருக்குப் புதிதன்று. ஏற்றுமதி ஆடையின் அளவுத்தாள் 'மார்பளவு' என்று எழுதியதோடு நிற்பதில்லை. கைக்குழிக்கு எவ்வளவு கீழே அளப்பது, எவ்வளவு கூடுதல் குறைவு ஏற்கப்படும் என்றும் சொல்கிறது. அதைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, ஊரறியாத மென்பொருளாளரிடம் குறிப்பெழுதும் பணியை முழுவதுமாக விடுவது பொருந்தாது. சுங்கப் பட்டியலில் பின்னல் டி-சட்டை 6109 என்னும் தலைப்பிலும், கழுத்துப்பட்டி வைத்த ஆண்களின் பின்னல் சட்டை 6105-இலும் வருகின்றன. ஊரார் வாயில் இரண்டும் பனியன். குறியீட்டைத் தேடும் கருவியின் குறிப்பில் இவ்வூர் வழக்கு இடம்பெறவில்லையெனில், தவறான குறியீட்டோடு சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் காத்துக் கிடக்கலாம்.

மென்பொருளாளர் அருகில் கிடங்குக் கணக்கர் அரைநாள் அமர்ந்தால் போதும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் செய்யும் தவறுகள் எவை என்று அவரிடம் கேட்டால், குறிப்பில் இருக்கவேண்டிய வரிகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.